பதினான்கு சனிக்கிழமைகள்: அடையாறில் பெற்ற உளவியல் சிகிச்சை பற்றி ஒரு மதிப்புரை

அடையாறின் குடியிருப்புத் தெரு ஒன்றில், மாடி வீட்டில் இயங்கும் உளவியல் சிகிச்சை மையத்துக்குப் பதினான்கு சனிக்கிழமைகள் சென்று வந்தேன். ஓர் அமர்வு ஐம்பது நிமிடம். கட்டணம் 1,800 ரூபாய். எல்லா அமர்வுகளுக்கும் சேர்த்து 25,200 ரூபாய் செலவாயிற்று. மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் வசிக்கும் பள்ளித் தமிழாசிரியைக்கு இது சிறிய தொகை அன்று. கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை, அந்த அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை, போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் இன்னும் அங்கே சென்றுகொண்டிருப்பதால் மையத்தின் பெயரையும் சிகிச்சையாளரின் பெயரையும் குறிப்பிடவில்லை.

என் தாயார் பக்கவாதத்தால் பேச்சிழந்து இரண்டரை ஆண்டுகள் கட்டிலிலேயே இருந்தார். ஏதாவது வேண்டுமென்றால் இயங்கிய இடக்கையால் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் துணி நனைந்துவிட்டது என்று பொருள். அவர் மறைந்து ஐந்து மாதங்கள் ஆன பின்னும், விடியற்காலை மூன்று மணி வாக்கில் அந்த ஓசை கேட்டதுபோல் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வகுப்பில் செய்யுளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி மறந்து நிற்பேன். பசி இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. உறவினர்கள் ஆறுதலாக, "உன்னை மாதிரி யார் பார்த்துக்குவாங்க" என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சை அடைத்தது. அந்தப் பாராட்டு எனக்கு உரியதன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கான காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இந்த நிலையிலும் உதவி தேடிப் போக எனக்கு மூன்று மாதம் பிடித்தது. சென்னையில் வளர்ந்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்பது ஊர்ப்பெயராக மட்டும் காதில் விழுவதில்லை. 1794-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் வரலாறு கொண்ட அரசு மனநல மருத்துவமனை அங்கே இருப்பதாலேயே அந்தப் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மாணவர்கள் ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிக் கேலி செய்யும்போது பலமுறை கண்டித்திருக்கிறேன். ஆனாலும், ஆசிரியர் அறையில் யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற அதே அச்சம் எனக்குள்ளும் இருந்தது. உறக்கம் கெட்டு வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு திங்கட்கிழமைக்குப் பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன்.

முதலில் சென்றது இந்த மையத்துக்கு அன்று. நகரின் வேறொரு பகுதியில் இருந்த ஓர் ஆலோசனை நிலையத்துக்குச் சென்றேன். அங்கே இருபது நிமிடம் நான் பேசியதும், இறப்பு இயற்கை என்றும், வயதானவர் படுத்துக் கிடப்பதைவிடப் போய்ச் சேர்ந்ததே நல்லது என்றும், காலையில் தியானம் செய்தால் எல்லாம் சரியாகும் என்றும் அங்கே ஆலோசகராக இருந்த அம்மையார் சொன்னார். பின்னர் பத்து அமர்வுகளுக்கும் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று ஓர் அட்டையை நீட்டினார்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் என் சித்தி ஏற்கெனவே, எந்தக் கட்டணமும் இன்றி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதபடி சொல்லியிருந்தார். படியிறங்கும்போது, இதுதான் உளவியல் சிகிச்சை என்றால் எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் அனுபவம் இப்படி அமைந்தவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஓர் இடத்தில் கிடைத்ததை வைத்து அந்தத் துறையையே கைவிட்டுவிட வேண்டாம்.

இரண்டாம் முறை தேடியபோது, யாரிடம் போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போனேன். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை அளிக்கிறார். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது அநாகரிகமன்று, இணையத்திலேயே சரிபார்க்கலாம். 'ஆலோசகர்' என்ற பலகைக்குப் பின்னால் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவரும் இருக்கலாம், சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் இருக்கலாம். ஆகவே படிப்பு, பயிற்சி, யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறார் ஆகிய மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுவது நல்லது. அடையாறு மையத்தில் கேட்டபோது, எந்தத் தயக்கமும் இல்லாமல் மூன்றுக்கும் பதில் சொன்னார்கள். என் சிகிச்சையாளர் முப்பது வயதைக் கடந்த பெண்; மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்தவர். முதல் நாள் நான் பழக்கத்தில் "டாக்டர்" என்று அழைத்தேன். "நான் டாக்டர் இல்லைங்க மேடம், சைக்காலஜிஸ்ட்" என்று உடனே திருத்தினார். அந்தத் திருத்தத்திலேயே எனக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது.

முதல் அமர்வில் சிகிச்சை என்று நாம் எதிர்பார்ப்பது எதுவும் நடக்காது என்பதைத் தயங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பகுதி நேரம் விவரம் கேட்பதில் கழிகிறது. உறக்கம், உணவு, உடல்நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிக்கல் இருந்ததா, வேலை எப்படி இருக்கிறது, வீட்டில் யார் துணை என்று வரிசையாகக் கேட்டார். அதற்கு முன்பு ஒப்புதல் படிவம் ஒன்றைப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கினார். நான் பேசுவது வெளியே போகாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அச்சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எனினும் அந்த இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால், குழந்தை ஒன்று பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரியவந்தால், அவர் பேசாமல் இருக்க முடியாது. மூன்றாவதற்கு 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் காரணம். ஓர் ஆசிரியை என்ற முறையில் அந்தச் சட்டம் எனக்கும் பழக்கமானதே. அதை ஒரு சிகிச்சை அறையில் கேட்டபோது, இங்கே எதையும் மழுப்பமாட்டார்கள் என்று புரிந்தது.

அடுத்து ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். பி.எச்.க்யூ.-9 என்பது அதன் பெயர். கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வின் அறிகுறி ஒவ்வொன்றும் எத்தனை நாள் தொல்லை கொடுத்தது என்று 0 முதல் 3 வரை எண் இட வேண்டும், மொத்தம் 27. எனக்கு 16 வந்தது. அது ஓரளவு கடுமையான நிலை என்று விளக்கினார். முதலில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனால் என் துயரம் ஆங்கிலத்தில் நிகழவில்லை. தமிழில் உள்ளது இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரியின் அடியிலிருந்து நகலெடுத்து நகலெடுத்து மங்கிப்போன ஒரு தாளை எடுத்துத் தந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள் வரும் ஒரு மையத்தில், கேட்டால்தான் தமிழ்த் தாள் கிடைக்கும் என்பது பெரிய குறை. அதை அவர்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன். படபடப்பு, மனப்பாரம், நெஞ்சடைப்பு, வெறுப்பு, சலிப்பு என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் 'டிப்ரஷன்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடினால், சொல்ல வந்தவருக்குத் தாம் சொன்னதாகவே இருக்காது. சிகிச்சையாளர் பேச்சில் இந்தக் குறை இல்லை. நான் 'பாரமாக இருக்கிறது' என்றால், உடம்பில் எந்த இடத்தில் பாரம் என்று கேட்பார்.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. நான் 0 என்று எழுதியிருந்தேன். அப்படியிருந்தும் அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு அதை வாய்விட்டுக் கேட்டார். முதலில் திடுக்கிட்டது. நேரடியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்றும், கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்றும் அவர் விளக்கிய பிறகு, இதே கேள்வியை என் மாணவர்களிடம் கேட்க நான் எத்தனை முறை தயங்கியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

இன்னொரு செயலும் என்னைக் கவர்ந்தது. முதல் அமர்வு முடியும்போது, தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மறதி, நாட்டமின்மை எல்லாம் வரும். அதை மனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்றார். என் வயது நாற்பத்தொன்பது என்பதால் மாதவிடாய் நிற்கும் காலத்து உறக்கக் குறைவையும் கருத்தில் கொண்டார். பரிசோதனையில் இரத்தச்சோகை இருப்பது தெரிந்து, குடும்ப மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மனநல மருத்துவரை ஒருமுறை பார்க்க வேண்டுமா என்பதை நான்காவது வாரத்தில் மீண்டும் பேசுவோம் என்று தேதி குறித்துவைத்தார். என் விஷயத்தில் மருந்து தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்களுக்கு மருந்தும் பேச்சும் சேர்ந்தே நடக்கும். ஒன்றை எடுத்தால் மற்றொன்று தோல்வி என்று பொருளில்லை.

அமர்வு நடக்கும் அறை சிறியது. இரண்டு நாற்காலிகள் நேருக்கு நேராக இல்லாமல் சற்றே கோணலாகப் போடப்பட்டிருக்கும். ஆகவே பேசும்போது அவர் முகத்தையும் பார்க்கலாம், ஜன்னல் வழியே வேப்பமரத்தையும் பார்க்கலாம். சுவர்க் கடிகாரம் இருவருக்கும் தெரியும்படி இருக்கிறது. காகிதக் கைக்குட்டைப் பெட்டி என் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. நான் அழுதபோது அவர் அதை எடுத்து நீட்டவில்லை. 'போதும், கண்ணைத் துடை' என்று சொல்வதுபோல் ஆகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி என்று பின்னொரு நாள் கேட்டபோது சொன்னார். நான் பேச்சை நிறுத்தினால் அவரும் காத்திருப்பார். ஒரு முறை கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஓடியதைப் பார்த்தேன். வீட்டில் அப்படி ஓர் அமைதி நேர்ந்தால் யாராவது காபி போடட்டுமா என்று கேட்டிருப்பார்கள்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் நிலைமை மோசமாயிற்று. அதுவரை மூடி வைத்திருந்ததைத் திறந்ததால் உறக்கம் இன்னும் கெட்டது, பேருந்தில் அழுதேன், பணத்தையும் கொடுத்து நோயையும் வாங்குகிறோமோ என்று தோன்றியது. இப்படி ஆகக்கூடும் என்று இரண்டாவது அமர்விலேயே அவர் எச்சரித்திருந்ததால்தான் நிறுத்தாமல் சென்றேன். பலரும் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். சோர்வு கூடுகிறது என்றால் அதையே அறைக்குள் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். சொன்னேன். அடுத்த இரண்டு அமர்வுகளிலும் இறுதிப் பத்து நிமிடத்தை மூச்சுப் பயிற்சிக்கும், அன்றாடப் பேச்சுக்கும் ஒதுக்கி, நான் தெருவில் இறங்கும்போது நிதானமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

ஐந்தாவது அமர்வில்தான் சொன்னேன். அம்மா இறப்பதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் ஓர் இரவு, அவர் டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் அந்த டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கி, நிறுத்தித் தொலை என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் தட்டவே இல்லை. ஒன்பதாம் நாள் நுரையீரல் தொற்றில் மருத்துவமனையில் காலமானார். இவ்வளவுதான். இதைச் சொல்லி முடிக்க எனக்கு முப்பது நிமிடம் ஆயிற்று. பரவாயில்லை என்றோ, நீங்கள் நல்ல மகள் என்றோ அவர் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அன்னைக்கு ராத்திரி அதுக்கு முன்னாடி எத்தனை தடவை எழுந்தீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த இரவை மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை, மணிவாரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதினேன். அடுத்த வாரம் அதை நானே உரக்கப் படிக்க வேண்டும் என்றார். படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றேன். இரண்டு மணிக்குத் துணி மாற்றினேன், இரண்டரைக்குக் கஞ்சி கொடுத்தேன், மூன்று மணிக்கு மீண்டும் துணி மாற்றினேன் என்று எல்லாவற்றையும் தன்மையில் எழுதியிருந்த நான், அந்த வரியை மட்டும் 'மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கத்தப்பட்டது' என்று எழுதியிருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருப்பவள் நான். யார் கத்தியது என்பதே இல்லாத ஒரு வாக்கியத்தை என் கை எழுதியிருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, 'கத்தினேன்' என்று திருத்தினேன். அன்றைய அமர்வின் எஞ்சிய நேரம் முழுவதும் அந்தத் தாளிலேயே கழிந்தது. கத்தினேன் என்பது உண்மை; அதே இரவில் ஏழு முறை எழுந்தேன் என்பதும், முந்தைய நாள் தேர்வுத்தாள் திருத்திவிட்டு இரண்டு மணி நேரமே உறங்கியிருந்தேன் என்பதும் உண்மை. ஐந்து மாதமாக என் நினைவில் மூன்று மணி பத்து நிமிடம் மட்டுமே இருந்தது. மற்ற மணிகள் அழிந்துபோயிருந்தன. அவை அந்தத் தாளில் திரும்பி வந்தன. குற்றவுணர்வு அன்றோடு தீரவில்லை. ஆனால் அது இரவு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த நிலை மாறியது.

அவர் பயன்படுத்தியது எந்த முறை என்று கேட்டேன். அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., அடிப்படை என்றார். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய அம்முறையில், ஒரு நிகழ்வு, அப்போது சட்டென்று எழும் எண்ணம், அதனால் வரும் உணர்வு, அந்த எண்ணத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள சான்றுகள் என்று தனித்தனியே எழுதிப் பார்க்கப் பழக்குகிறார்கள். நான் கொண்டுவந்த இன்னொரு சந்தேகத்தையும் அவர் தீர்த்தார். துக்கம் ஐந்து நிலைகளாக வரும் என்று எங்கோ படித்திருந்தேன். எனக்கு அந்த வரிசையில் வரவில்லையே என்று கேட்டேன். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து என்றும், பிரிவால் வாடுபவர்கள் படியேறுவதுபோல் அவற்றைக் கடக்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை என்றும் விளக்கினார். இழப்பை எண்ணி அழுவதும், அதை மறந்து அன்றாட வேலையில் மூழ்குவதும் மாறி மாறி வருவதே இயல்பு என்று 1999-இல் ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கத்தையும் சொன்னார். காலையில் சிரித்துவிட்டு மாலையில் அழுததற்காக என்னையே நொந்துகொண்டிருந்த எனக்கு, அது பெரிய விடுதலையாக இருந்தது.

சிகிச்சையாளர் தவறவும் செய்தார். ஒன்பதாவது அமர்வில், பெங்களூரில் இருக்கும் என் அண்ணன்மீது எனக்குள்ள கோபத்தைத்தான் அம்மாமீது காட்டினேனோ என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் மாதந்தோறும் பணம் அனுப்பியவர், விடுமுறைக்கெல்லாம் வந்து அம்மாவைக் குளிப்பாட்டியவர். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அடுத்த சனிக்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகவில்லை. அதற்கடுத்த வாரம் சென்று, அந்தக் கேள்வி என்னைப் புண்படுத்தியது என்றேன். அவர் தற்காத்துக்கொள்ளவில்லை. தாம் அவசரப்பட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டு, அப்போது எனக்குள் என்ன நடந்தது என்று கேட்டார். பெரியவர்களிடமும் படித்தவர்களிடமும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த எனக்கு, பணம் கொடுத்துப் பெறும் ஒரு சேவையில்கூட 'இது எனக்கு ஒப்பவில்லை' என்று சொல்வது கடினமாக இருந்தது. சொல்லிய பிறகுதான் அந்த அறையில் என் இடம் உறுதியாயிற்று. சிகிச்சையின் பலன், சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையிலான இணக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் அந்த இணக்கம் வரவில்லை என்றால், வேறொருவரிடம் மாற்றித் தரும்படி கேட்கலாம். நல்ல மையங்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

'கவுன்சிலிங்' என்பதற்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு எந்த வழியில் போக வேண்டும், எங்கே என்ன கிடைக்கும் என்று சொல்வது பழைய ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. துயர் ஆற்றுதல் என்பதில் வரும் ஆற்றுதலுக்குத் தணித்தல் என்பது பொருள். இந்தப் பதினான்கு வாரங்களில் இரண்டு பொருளும் எனக்கு நேர்ந்தன. ஆனால் என்னை வழிநடத்தியவர், இந்த வழியில் போ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அம்மாவின் கட்டிலை விற்பதா வைத்துக்கொள்வதா என்று நான் கேட்டபோதும் பதில் சொல்லவில்லை. விற்றால் அந்த அறையில் என்ன இருக்கும், வைத்திருந்தால் என்ன இருக்கும் என்று கேட்டார். அறிவுரை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் முதல் மாதத்தில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மையத்தைப் பற்றிய சில குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருப்புக் கூடம் மிகச் சிறியது. வரவேற்பில் இருப்பவர் பெயரை உரக்கச் சொல்லி அழைக்கிறார். ஒருமுறை என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் எதிரே அமர்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பார்க்காததுபோல் இருந்தோம். வருபவர்களுக்கு இடையே பத்து நிமிடம் இடைவெளி விட்டாலே இதைத் தவிர்க்கலாம். அடுத்த அறையின் குரல் சில வேளைகளில் கேட்கிறது. சொற்கள் புரியாவிட்டாலும் அழுகை புரிகிறது. மின்தூக்கி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த மாடிப்படி சிரமம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இரத்து செய்தால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். தேர்வுப் பணி திடீரென்று வந்த ஒரு வாரம் எனக்கு அப்படி 1,800 ரூபாய் போயிற்று. அந்த நேரம் எனக்கென்று ஒதுக்கப்பட்டது என்பதால் விதி நியாயமானதே. முன்கூட்டியே சொன்னதும் உண்மை. கனமழையில் தெருவெல்லாம் நீர் நின்ற சனிக்கிழமை மட்டும் காணொளி வழியே பேசினோம். வீட்டில் தனி அறை இல்லாததால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகக் குடையோடு அமர்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினேன். தனிமை கிடைக்கும் வீடு உள்ளவர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம், எனக்கு இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு சொல். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் என் பாலிசி மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டுமே என்பதால், வாரம் ஒருமுறை சென்று வரும் செலவில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. இவ்வளவு செலவிட முடியாதவர்களுக்கு இந்த நகரில் வேறு கதவுகள் உண்டு. நாம் வசையாக்கி வைத்திருக்கும் அதே கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு அண்ணா நகரில் இயங்குகிறது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குச் செவிகொடுக்க, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய சிநேகா என்ற அமைப்பில் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்தான நெருக்கடியில் இருப்பவர், அடுத்த சனிக்கிழமை அமர்வு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே இவற்றில் ஒன்றையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ நாட வேண்டும். நான் செல்வது போன்ற ஒரு மையம் அந்த வேலைக்கு உரியதன்று என்பதை என் சிகிச்சையாளரே முதல் நாளில் சொல்லிவிட்டார்.

பதினான்காவது அமர்வில் அதே ஒன்பது கேள்விகளை மீண்டும் கொடுத்தார். இம்முறை மேசைமேல் தெளிவாக அச்சிட்ட தமிழ்த் தாள் இருந்தது. எண்ணிக்கை 6 வந்தது. அந்த எண்ணைவிட, இரவு மூன்று மணிக்கு வாரத்தில் ஐந்து நாள் எழுந்துகொண்டிருந்தவள் இப்போது எப்போதாவது ஒரு நாள் எழுகிறேன் என்பதே எனக்குப் பெரிது. எழுந்தாலும், அது டம்ளர் இல்லை, பக்கத்து வீட்டு மோட்டார் என்று தெரிந்து மீண்டும் படுக்க முடிகிறது. சிகிச்சையை முடிப்பதைப் பற்றி மூன்று வாரம் முன்பிருந்தே பேசத் தொடங்கினார். திடீரென்று விடைகொடுப்பது, இழப்பால் வந்தவர்களுக்கு இன்னோர் இழப்பாகிவிடும் என்பது அவர் கருத்து. இருவரும் பேசி, வாரம் ஒன்று என்பதை மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டோம். என்னைப் போல் ஒருவரைப் பராமரித்து இழந்தவர்களுக்கும், யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு அன்றாட வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கும் இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கேட்பவர்களுக்கு நேரில் பெயரையும் சொல்கிறேன்.

அம்மாவின் முதலாண்டுத் திதி வருகிற மாதம் வருகிறது. அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். அந்த இரவைப் பற்றி அவரிடம் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதைப் பேசுவதற்காகவே, திதிக்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அமர்வைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.